தராசில் நிறைவு, முகத்தில் குறைவு



அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வது ஹராம் என்பதை நம் வியாபாரிகளுக்கு எவரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. மதரஸாவில் ஓதிய நாள் முதல் அது நம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவரிடம் போய், "எடை சரியாக இருக்குமா பாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கு முகம் சிவந்துவிடும். "அல்லாஹ்வுக்குப் பயந்து வியாபாரம் செய்கிறவன் நான்" என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால் அதே கடை வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். பத்து வயதுப் பிள்ளை ஒன்று காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதன் தலைக்கு மேலே கை நீட்டுகிற பெரியவர்களுக்கெல்லாம் சாமான் கிடைக்கும், பிள்ளைக்குக் கிடைக்காது. "பத்து ரூபாய்க்கு எண்ணெய் கொடுங்க பாய்" என்று ஒரு மூதாட்டி கேட்பார். "பத்து ரூபாய்க்கெல்லாம் ஊத்த முடியாது, போம்மா" என்று பதில் வரும். முதல் நாள் வாங்கிய ரவையில் வண்டு கிடந்ததென்று ஒருவர் திரும்பக் கொண்டு வருவார். "வாங்கும்போதே பார்த்து வாங்க வேண்டியதுதானே!" என்று பொட்டலம் அவர் பக்கமே தள்ளப்படும். பாக்கி வைத்திருக்கும் பெண் ஒருத்தி படியேறினால் போதும், "போன மாசத்துப் பாக்கி என்னாச்சு?" என்ற குரல் எதிர்வீடு வரை கேட்கும். இதற்கிடையே வாசலில் கார் ஒன்று வந்து நின்றுவிட்டாலோ, அதே முதலாளி இருக்கையை விட்டு எழுந்து நிற்பார். முகம் மலரும், குரல் குழையும்.

தராசு எல்லோருக்கும் ஒரே எடையைக் காட்டுகிறது. முகம் ஆளுக்கோர் எடை காட்டுகிறது. இதற்கு மார்க்கத்தில் என்ன பெயர்? அதைத்தான் நாம் இங்கே சிந்திக்க வேண்டியிருக்கிறது.

தத்ஃபீஃப் என்றால் என்ன?

திருக்குர்ஆனின் 83-ஆவது அத்தியாயத்திற்கு 'அல்முதஃப்ஃபிஃபீன்' என்று பெயர். அளவில் மோசம் செய்வோருக்குக் கேடுதான் என்ற எச்சரிக்கையோடு அது தொடங்குகிறது. அவர்கள் யார் என்பதையும் அல்லாஹ் அடுத்த இரு வசனங்களில் விளக்கிவிடுகிறான். மக்களிடமிருந்து தமக்கு அளந்து வாங்கும்போது முழுமையாக வாங்கிக்கொள்வார்கள். தாம் அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைத்துவிடுவார்கள்.

'தத்ஃபீஃப்' என்ற சொல்லை அற்பமானது, சொற்பமானது என்ற பொருள் தரும் 'தஃபீஃப்' என்பதோடு அரபு மொழி அறிஞர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். மூட்டையைத் திருடுகிறவனுக்கு இந்தப் பெயர் இல்லை. ஒரு பிடி, அரைப் பிடி என்று எடுப்பவன் பெறாமல் போகிற அளவுக்கு அற்பமானதைத் திருடுகிறவனுக்கே இந்தப் பெயர். அந்த அற்பத்திற்காகத்தான் ஓர் அத்தியாயத்தின் தொடக்கமே கேட்டைக் கொண்டு எச்சரிக்கிறது!

இந்தக் குற்றம் தராசோடு முடிந்துவிடுவதில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தமது முவத்தாவில் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் அஸர் தொழுகையை முடித்துத் திரும்பும்போது, தொழுகைக்கு வராத ஒருவரைச் சந்தித்தார்கள். ஏன் வரவில்லை என்று வினவினார்கள். அவர் ஏதோ ஒரு காரணம் சொன்னார். உடனே கலீஃபா அவர்கள், நீர் தத்ஃபீஃப் செய்துவிட்டீர் என்றார்கள். அங்கே தராசும் இல்லை, படியும் இல்லை. தொழுகையைப் பற்றித்தான் பேச்சு. இதை அறிவித்துவிட்டு இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள், எந்தக் காரியமானாலும் அதில் நிறைவாகக் கொடுப்பதும் உண்டு, குறைத்துக் கொடுப்பதும் உண்டு என்ற கருத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

எந்தக் காரியத்திலும் உண்டு என்றால், கடைக்காரர் காட்டும் மரியாதையிலும் உண்டு. நம் கடைக்காரர் சரக்கெடுக்க மண்டிக்குப் போகிறார். அங்கே மொத்த வியாபாரி அவரை ஏறிட்டுப் பார்க்காமல் கால் மணி நேரம் நிற்க வைத்துவிட்டால், "என்னை மனிதனாகவே மதிக்கவில்லை" என்று அடுத்த மாதம் வேறு மண்டிக்குப் போய்விடுகிறார். வாங்கும்போது மரியாதை முழுமையாக வேண்டும். கொடுக்கும்போது குறைக்கலாம் என்றால், அது அல்லாஹ் விளக்கிய இலக்கணத்திற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி கடையின் எடைக்கற்களும் தராசும் சோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும். நுகர்வோரைப் பாதுகாக்க 1986-இல் ஒரு சட்டம் வந்தது. 2019-இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் இயற்றப்பட்டது. இவை நல்லவையே. ஆனால் கடைக்காரரின் முகத்தைச் சோதித்து முத்திரையிட எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. அதைச் சோதிக்கிறவன் அல்லாஹ் ஒருவனே.

பார்வையற்றவர் காணாத கடுகடுப்பு

முகத்தைக் கொஞ்சம் சுளித்ததற்கெல்லாமா விசாரணை என்று சிலர் நினைக்கலாம். அவர்கள் 80-ஆவது அத்தியாயமான 'அபஸ'வை ஓதிப் பார்க்கட்டும்.

மக்காவில் குறைஷித் தலைவர்கள் சிலரிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மார்க்கத்தை எடுத்துரைத்துக் கொண்டிருந்தார்கள். அப்போது கண்பார்வையற்ற ஸஹாபியான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மார்க்கம் கற்கும் ஆவலோடு வந்து இடையில் பேசினார்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் திருமுகம் சற்றே சுருங்கி, மறுபக்கம் திரும்பியது. அவ்வளவுதான் நடந்தது. ஒரு கடுஞ்சொல்கூட அங்கே பிறக்கவில்லை. அதுவும் தலைவர்கள் இஸ்லாத்தைத் தழுவினால் அவர்களுடைய சமூகமும் நேர்வழி பெறுமே என்ற உயர்ந்த நோக்கத்தில் நடந்தது. வந்தவரோ பார்வையற்றவர், அந்த முகச்சுருக்கத்தை அவர் காணவே இல்லை.

ஆனால் அல்லாஹ் கண்டான். தன் ஹபீபுக்கு அன்போடு அதை உணர்த்தி வசனங்களை இறக்கினான். கியாமத் நாள் வரை உலகம் அதை ஓதிக்கொண்டிருக்கும். அதே இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பின்னர் மதீனாவில் பாங்கு சொல்பவராகவும், பெருமானார் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பில் விட்டுச் செல்லப்பட்டவராகவும் கண்ணியம் பெற்றார்கள்.

சகோதரர்களே! தீனுக்காகப் பேசிக்கொண்டிருந்த வேளையில், காண முடியாத ஒருவருக்கு முன்னால் சுருங்கிய முகத்தைப் பற்றியே இவ்வளவு என்றால், கைபேசியைப் பார்த்துக்கொண்டே, காண முடிந்த ஓர் ஏழையின் கண்ணுக்கு நேராக நாம் சுளிக்கும் முகத்திற்கு என்ன பதில் சொல்லப் போகிறோம்?

போக்கிடம் இல்லாதவர்கள்

பெரிய கடைகளும், கைபேசியில் சொன்னால் வீட்டுக்கே சாமான் கொண்டுவருகிற ஏற்பாடுகளும் இன்று பெருகிவிட்டன. "வாடிக்கை எல்லாம் அங்கே போய்விடுகிறதே" என்று சிறுகடைக்காரர்கள் வருந்துகிறார்கள். வருத்தம் நியாயமானதே. ஆனால் அங்கே போக முடிந்தவர் யார்? மாதச் சாமானை மொத்தமாக வாங்கப் பணம் உள்ளவர் போகிறார். அன்றாடக் கூலியில் அன்றைக்கு வேண்டிய அரிசியை வாங்குகிறவர், நோட்டில் எழுதிக் கடன் வாங்குகிறவர், தூரம் நடக்க முடியாத முதியவர், தாய் அனுப்பிய சின்னப்பிள்ளை - இவர்களுக்கு நம் கடையை விட்டால் வேறு வழியில்லை. போகக்கூடியவரிடம் நம் முகம் மலர்கிறது. போக முடியாதவரிடம் கடுகடுக்கிறது. இதில்தான் இந்தக் குற்றத்தின் கனமே இருக்கிறது. பதில் பேச முடியாதவர் என்று தெரிந்தே அவருடைய பங்கைக் குறைக்கிறோம்.

இமாமுல் அஃழம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 80-150) கூஃபா நகரில் துணி வியாபாரம் செய்தவர்கள் என்பதை நாம் அறிவோம். அவர்களைப் பற்றிய ஒரு செய்தி வரலாற்று நூல்களில் உண்டு. வயது முதிர்ந்த ஒரு பெண்மணி கடைக்கு வந்து, நான் வசதியற்றவள், இந்தத் துணியை உங்களுக்கு அடங்கிய விலைக்கே கொடுங்கள் என்று கேட்டார். இமாமவர்கள், நான்கு திர்ஹத்திற்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த விலையை நம்ப முடியாத அப்பெண்மணி, நான் கிழவி, என்னைக் கேலி செய்யாதீர்கள் என்றார். தாம் இரண்டு துணிகள் வாங்கியதாகவும், ஒன்றை விற்றதிலேயே முதலில் நான்கு திர்ஹம் போக மற்றதெல்லாம் வந்துவிட்டதாகவும், மிச்சத் துணி தமக்கு அந்த நான்கு திர்ஹத்திற்குத்தான் அடங்குகிறது என்றும் இமாமவர்கள் பொறுமையாகக் கணக்கை விளக்கினார்கள்.

இதில் அந்த மூதாட்டியின் வார்த்தையைக் கவனியுங்கள். கடைக்குப் போகும் ஏழைக்கு முதலில் வருகிற பயம், கேலி செய்வார்களோ என்பதுதான். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் கூஃபாவில் இருந்த அந்தப் பயம் இன்றும் நம் தெருவில் இருக்கிறது. அதைப் போக்குவதற்கு நான்கு திர்ஹத்திற்குத் துணி கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. நின்று, முகம் பார்த்து, விளக்கிச் சொன்னாலே போதும்.

நம் கடைக்கு வருகிறவர் வாடிக்கையாளர் மட்டுமல்லர். அண்டை வீட்டாரும் ஆவார். இரவெல்லாம் வணங்கி, பகலெல்லாம் நோன்பு நோற்று, தர்மமும் செய்து, ஆனால் நாவினால் அண்டை வீட்டாரைத் துன்புறுத்திய ஒரு பெண்ணைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கூறப்பட்டபோது, அவளிடம் நன்மை இல்லை, அவள் நரகவாசி என்ற கருத்தில் பதிலளித்தார்கள் (அஹ்மத்). தஹஜ்ஜுத் தொழுதுவிட்டுக் கடை திறக்கும் சகோதரர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

மாற்று மத அன்பர்கள் நம் கடைக்காரரை 'பாய்' என்று அழைக்கிறார்கள். பாய் என்றால் சகோதரன். நாளொன்றுக்கு நூறு தடவை ஊரே உங்களைச் சகோதரனே என்று கூப்பிடுகிறது! நூறு தடவையும் அதற்குக் கிடைக்கிற பதில் எரிச்சல் என்றால், அவர்கள் இஸ்லாத்தைப் பற்றி என்ன எண்ணுவார்கள்? அவர்களில் பலர் நம் கிதாபுகளைப் படித்ததில்லை. உங்கள் முகத்தைத்தான் படிக்கிறார்கள்.

சில்லறையும் திரும்ப வரும் சாமானும்

"சில்லறை இல்லை" என்று சொல்லி ஒரு மிட்டாயைக் கையில் வைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. வாங்குகிறவர் மனமொப்பி வாங்கிக்கொண்டால் பிழையில்லை. ஆனால் வியாபாரம் இருதரப்பின் திருப்தியோடு நடக்க வேண்டும் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:29). கேட்காமலே மிட்டாயைத் திணிப்பதில் திருப்தி எங்கே இருக்கிறது? ஒரு ரூபாய்தானே என்பீர்கள். நாளுக்கு 50 பேரிடம் ஒரு ரூபாய் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், வருடத்திற்கு 18,250 ரூபாய் ஆகிறது. தஃபீஃப் என்றால் அற்பம் என்று பார்த்தோமே, அற்பம் சேர்ந்தால் இதுதான் கணக்கு. சில்லறை இல்லாவிட்டால், யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று நோட்டில் எழுதி வையுங்கள். அவர் பாக்கியை எழுதுகிற கைக்கு நம் பாக்கியை எழுதத் தெரியாதா?

அடுத்து, 'விற்ற சாமான் வாபஸ் இல்லை' என்ற பலகை. குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமையை ஃபிக்ஹு நூல்கள் 'கியாருல் ஐப்' என்ற பெயரில் விரிவாகப் பேசுகின்றன. குறையை அறிந்தே மறைத்து விற்பது ஹராம் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரமாயிருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி இதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்ற கருத்தில் கேட்டு, மோசடி செய்பவன் நம்மைச் சார்ந்தவன் அல்லன் என்று எச்சரித்ததை நாம் கேட்டிருக்கிறோம் (முஸ்லிம்). ஆகவே வண்டு விழுந்த ரவையையும் கெட்டுப்போன முட்டையையும் திரும்பப் பெறுவதை நம் தயாளகுணம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

தயாளகுணத்திற்கு வேறு இடம் இருக்கிறது. பொருளில் ஒரு குறையும் இல்லை. வாங்கியவர் மனம் மாறித் திருப்பித் தர வருகிறார். அவருக்காக வியாபாரத்தை முறித்துக்கொடுப்பதற்கு 'இகாலா' என்று பெயர். அப்படிச் செய்கிறவரின் சறுக்கலை அல்லாஹ் மன்னிப்பான் என்ற நற்செய்தி ஹதீஸில் இருக்கிறது (அபூதாவூத், இப்னுமாஜா). நாற்பது ரூபாய்ச் சாமானைத் திரும்ப வாங்கிக்கொள்வதில் இத்தனை பெரிய லாபம் இருக்கும்போது, அதை ஒரு பலகையைத் தொங்கவிட்டு ஏன் தடுத்துக்கொள்ள வேண்டும்?

கடனாளியின் மானம்

"கடன் கொடுத்துவிட்டு நாங்கள் தெருவில் நிற்பதா?" என்று கடைக்காரர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடியுமுன் திறந்து இரவு வரை நின்று, கிடைக்கும் சொற்ப லாபமும் வராத கடனில் கரைந்துபோகிற வேதனையை யார் அறிவார்? கடன் கொடுத்தவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. பெருமானார் (ஸல்) அவர்களிடமே ஒருவர் கடனைக் கடுமையாகக் கேட்டபோது, கோபமுற்ற தோழர்களை அவர்கள் தடுத்து, உரிமையுடையவருக்குப் பேச இடமுண்டு என்ற கருத்தில் சொல்லி, வாங்கியதைவிடச் சிறந்ததைக் கொடுத்து அனுப்பினார்கள் (புகாரி).

ஆனால் கேட்கிற முறை ஒன்று இருக்கிறது. விற்கும்போதும், வாங்கும்போதும், தன் உரிமையைக் கேட்கும்போதும் தாராளமாக நடந்துகொள்பவருக்கு அல்லாஹ்வின் ரஹ்மத் உண்டாகட்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் துஆச் செய்திருக்கிறார்கள் (புகாரி). கடனாளி கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி குர்ஆன் பணிக்கிறது (2:280). பாக்கியைக் கேளுங்கள்; பிறர் இல்லாதபோது, மெதுவாகக் கேளுங்கள். பாக்கி உங்களுடையது, அந்தப் பெண்ணின் மானம் உங்களுடையதன்று. இருநூறு ரூபாய்ச் சாமானுக்கு ஈடாக மானத்தை யாரும் அடகு வைக்கவில்லை.

வாடிக்கையாளருக்கும் ஒரு வார்த்தை உண்டு. மேற்சொன்ன துஆவில் வாங்குகிறவரும் சேர்ந்திருக்கிறார். வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்பதும் நபிமொழியே (புகாரி, முஸ்லிம்). ரொக்கத்திற்குப் பெரிய கடை, கடனுக்கு மட்டும் பாய் கடை என்று நடப்பதும், கடைப் பையனை வாடா போடா என்று அழைப்பதும், வரிசையில் நிற்கிற பிள்ளையை நாமே இடித்துத் தள்ளுவதும் தத்ஃபீஃபின் வகைகள்தாம். ஸுவைத் இப்னு கைஸ் (ரலி) அவர்களிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் ஓர் ஆடை வாங்கியபோது, விலையை நிறுத்துக் கொடுக்கும் ஆளிடம் தட்டைச் சற்றே தாழ்த்தி நிறுக்கும்படி சொன்னார்கள் (திர்மிதி). வாங்குகிறவராய் இருந்து, விற்கிறவருக்குக் கூடுதலாகக் கொடுத்த வாடிக்கையாளர் அவர்கள்!

இரண்டு நோட்டுகள்

கடையில் ஒரு நோட்டு இருக்கிறது. யார் யார் நமக்கு எவ்வளவு தரவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நாம் பார்க்க முடியாத இன்னொரு நோட்டும் எழுதப்படுகிறது. நாம் யார் யாருக்குத் தரவேண்டும் என்பது அதில் இருக்கிறது: நிற்க வைத்த பிள்ளைக்கு, விரட்டிய மூதாட்டிக்கு, நாலுபேர் முன்னால் தலைகுனிந்த பெண்ணுக்கு.

முஃப்லிஸ் யாரென்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருமுறை தோழர்களிடம் கேட்டார்கள். காசும் சரக்கும் இல்லாதவனே திவாலானவன் என்றார்கள் தோழர்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் தந்த விளக்கம் வேறாக இருந்தது. தொழுகை, நோன்பு, ஜகாத் அனைத்தோடும் மறுமையில் ஒருவன் வருவான். ஆனால் இவனைத் திட்டியிருப்பான், அவன்மீது பழி சுமத்தியிருப்பான், இன்னொருவன் பொருளைத் தின்றிருப்பான். அவனுடைய நன்மைகள் அவர்களுக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுக்கப்படும். நன்மை தீர்ந்தும் கடன் தீராவிட்டால், அவர்களுடைய பாவங்கள் இவன்மீது சுமத்தப்படும். இவனே என் உம்மத்தில் திவாலானவன் என்ற கருத்தில் சொன்னார்கள் (முஸ்லிம்).

அங்கே சில்லறை இல்லை என்று சொல்ல முடியாது. மிட்டாய் கொடுத்து அனுப்பவும் முடியாது. தொழுகையிலிருந்தும் நோன்பிலிருந்தும் எடுத்துக் கொடுத்தாக வேண்டும்.

அதனால் கணக்கை இங்கேயே நேர்செய்துகொள்வோம். நாளைக் காலை கடை திறக்கும்போது, சாமான் விற்பதோடு ஸதகாவும் கொடுக்கப் போகிறேன் என்று நிய்யத் செய்யுங்கள். சகோதரனின் முகம் பார்த்துப் புன்னகைப்பதும் ஸதகாதான் என்று ஹதீஸ் சொல்கிறது (திர்மிதி). முதலில் வந்தவருக்கு முதலில் கொடுங்கள், பிள்ளையானாலும் சரி. பத்து ரூபாய் வாடிக்கையாளரிடம் ஆயிரம் ரூபாய் வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலிலேயே பேசுங்கள். இல்லாத சாமானை 'இல்லை' என்று சொல்லும்போதும் ஏறிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். முன்பு மனம் நோகச் செய்தவர் யாராவது நினைவுக்கு வந்தால், அவர் அடுத்த முறை வரும்போது, "அன்றைக்குக் கடுமையாகப் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்த நோட்டில் ஒரு வரி அடிபடும்.

யா அல்லாஹ்! எங்கள் வியாபாரத்தில் பரக்கத் செய்வாயாக! எங்கள் தராசுகளைப் போலவே எங்கள் முகங்களையும் நாவுகளையும் எல்லோருக்கும் நேராக்கி வைப்பாயாக! மக்களுக்குக் கடன்பட்டவர்களாய் உன் சந்நிதானத்தில் நிற்கும் இழிவிலிருந்து எங்களைக் காப்பாயாக! ஆமீன்.